சிவகாமி ட்ரிகர் என்று பெயர் வைத்தார்கள்

எனக்கு எழுத வராது. தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்தது பின்னே வரும், பின்னே நடந்தது விட்டுப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசவும் எனக்குக் கூச்சம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கை தானாகப் புடவைத் தலைப்பைத் தேடும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலையில், அந்தக் காலத்தில் வேலைக்குப் போன பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்போது ஃபேக்டரிக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றார்கள். மற்றவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதை எழுதுவார்கள். நான் வெட்டியதில்லை. நான் துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்தவள். சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் இத்தனை நாள் சொல்லவில்லை.

துருக் கை

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி அனுப்பிய காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் நடந்தது இது. என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். கால் நசுங்கி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். நான்தான் மூத்தவள். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கண்ணாடி அலமாரி வைத்த கடை, நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் பட்டறை. அங்கே மெருகு வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வேலை செய்த ஆண் ரயில்வேக்கு ஓடிவிட்டானாம். பெண்கள் ஓடமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

போன முதல் நாளே சிவகாமியும் வந்து நின்றாள். என்னைவிட இளையவள், உயரம். அழகி என்று நான் சொல்லமாட்டேன், மூக்கு கொஞ்சம் பெரிது.

ஃபோர்மேன் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். காக்கி அரைக்கால்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. எங்களை வேலை தெரியுமா என்றே கேட்கவில்லை. கண்ணாடி மாதிரி மெருகு போட்ட ஒரு இரும்புத் துண்டை ஆளுக்கொன்று கொடுத்தார்.

"இதை உள்ளங்கையில வைச்சுப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

நின்றோம். அவர் வந்து, துண்டுகளை வாங்கித் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, மேல் தட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்கோ" என்றார். மறுநாள் காலையில் காகிதத்தைப் பிரித்தார். சிவகாமியின் துண்டு வைத்தபடியே பளபளத்தது. என் துண்டில் என் விரல் ஒவ்வொன்றும் செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது.

"அஞ்சலை, இஞ்ச வாரும். இது என்ன?"

"துருங்க ஐயா."

"ஆருடைய துரு?"

"இரும்போட துருங்க ஐயா."

"இல்லை. உம்முடைய துரு."

சிலருக்கு வேர்வையில் உப்பு அதிகம், அவர்கள் தொட்ட இரும்பு ஒரு இரவில் துருப்பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பட்டறையில் அதற்குத் துருக் கை என்று பெயர். சிவகாமியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது கை. இந்த ஊர்ப் புழுக்கத்திலயும் காய்ஞ்ச கை" என்றார் ஃபோர்மேன். அவளை இரும்பு மேசையில், ஜன்னலோரத்தில், உயரமான ஸ்டூலில் உட்காரவைத்தார். என்னைத் துரத்தவில்லை. துப்பாக்கிக் கட்டைக்கும் பிஸ்டல் பிடிக்கும் எண்ணெய் தேய்க்கிற மர மேசைக்கு அனுப்பினார். மரம் துருப்பிடிக்காதே.

அந்த ஸ்டூலைப் பார்த்தபடிதான் நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் இருந்தேன்.

கைக்கு வைத்தியம்

படிப்பில் அவள் என்னை முந்தியிருந்தால், சரி, படித்தவள் என்று விட்டிருப்பேன். வேலையில் முந்தியிருந்தால், நானும் பழகிக்கொள்வேன் என்று இருந்திருப்பேன். இது உள்ளங்கை. அவள் அம்மா பெற்ற கை, என் அம்மா பெற்ற கை. இதற்கு நான் என்ன செய்வது?

செய்தும் பார்த்தேன். மஞ்சள் பூசினேன், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். படிகாரம் தேய்த்தேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். பாசாரில் சீன மருந்துக் கடைக்காரர் ஒரு கறுப்புத் தூளைக் கொடுத்துக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார். அதைக் குடித்து முன்னைவிட அதிகமாக வேர்த்தது. துணி உறை மாட்டினால் துரு வராது, ஆனால் விரலுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் மஞ்சள் கையோடு வந்ததைப் பார்த்துவிட்டுச் சிவகாமி கேட்டாள்.

"என்னக்கா, நலுங்கா? எங்களுக்கெல்லாம் பத்திரிகை வைக்கலியே?"

பட்டறையே சிரித்தது. நான் எண்ணெய்த் துணியை எடுத்து, தேய்த்த கட்டையையே மறுபடி தேய்த்தேன்.

ஃபேக்டரி வேலை

இரும்பு மேசையில் நடந்த வேலை என்ன என்பதைச் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

பிஸ்டலில் நாம் விரல் வைத்து இழுக்கிறது ட்ரிகர். பின்பக்கம் எழும்பி நிற்கிற சுத்தி ஹாமர். ஹாமரின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சியர் என்ற ஒரு நாக்கு அந்த வெட்டில் மாட்டிக்கொண்டு ஹாமரைப் பிடித்து நிற்கும். ட்ரிகரை இழுத்தால் நாக்கு நழுவும், ஹாமர் விழும், குண்டு போகும். அந்த நாக்கும் வெட்டும் தொட்டுக்கொள்கிற இடம் அரிசி முனை அளவுதான். பிஸ்டலின் குணம் முழுவதும் அந்த அரிசி முனையில் இருக்கிறது.

சீமையிலிருந்து புதிதாக வருகிற பிஸ்டலில் ட்ரிகர் கனமாக இருக்கும். நின்று நின்று, கரடு முரடாக வரும். போட்டியில் சுடுகிற துரைமார்களுக்கு அது ஆகாது, இழுக்கும்போதே கை ஆடிவிடும். செய்த ஃபேக்டரிக்கே திருப்பி அனுப்பினால் தனியாக உட்கார்ந்து சரிசெய்து தருவார்கள், ஆனால் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். அதை எங்கள் பட்டறையிலேயே செய்தார்கள். அதனால் அந்த வேலைக்கு 'ஃபேக்டரி வேலை' என்று பெயர். நாக்கையும் வெட்டையும் எண்ணெய்க் கல்லில் மெல்ல மெல்ல மெருகேற்றவேண்டும். கோணம் மாறக்கூடாது. கூடத் தேய்த்தால் ட்ரிகர் லேசாகிப்போய், தட்டினாலே சுட்டுவிடும். போட்டியிலும் ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். கல்லைத் தாங்காத பிஸ்டலைச் சுட விடமாட்டார்கள்.

நல்ல ட்ரிகர் எப்படி இருக்கவேண்டும் என்று ஃபோர்மேன் என்னென்னவோ சொல்லுவார். எனக்குப் புரிந்தது இப்படித்தான்: பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அப்படி இருக்கவேண்டும். வளையக்கூடாது, நசுங்கக்கூடாது. ஒடியும்வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, டக்கென்று ஒடியவேண்டும்.

அப்படித்தான் செய்தாள் அவள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வேலை முடிந்த பிஸ்டல் எல்லாம் மரப்பிடி மாட்ட என் மேசைக்கு வரும். பூட்டி எண்ணெய் போட்ட பிறகு நான் தொடலாம், தொட்டுவிட்டுத் துடைத்துவிட்டால் போதும். குண்டு இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, காலி அறைக்குள் மரத்தக்கையை வைத்து, ட்ரிகரை இழுத்துப் பார்ப்பேன். பிடி ஆடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. நான் இழுத்ததோ சிவகாமியின் குற்றத்தைக் கண்டுபிடிக்க. கண்ணை மூடிக்கொண்டு இழுப்பேன். அவள் கல்லைப் பிடிக்கிற விதம், மூச்சை நிறுத்துகிற விதம், தேய்க்கும்போது வருகிற சத்தம் எல்லாம் என் மேசையிலிருந்தே எனக்குப் பாடம். அவள் அவசரப்பட்ட பிஸ்டல் எது, நிதானமாகச் செய்தது எது என்று சொல்லிவிடுவேன்.

குற்றம் கண்டுபிடித்தும் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று. "ஐயா, இதுல கடைசில கொஞ்சம் வழுக்குது", "ஐயா, இது கனமா இருக்கு" என்று வாரம் தவறாமல் போய் நிற்பேன். அவர் இழுத்துப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. நானே அவர் கையிலிருந்து வாங்கி இழுத்தால் எனக்கும் ஒன்றும் இருக்காது. கடைசியில் நான் எழுந்து நின்றாலே சிவகாமி, "ஐயா, கோர்ட்டு கூடிடுச்சி" என்பாள்.

ஆயுத பூஜை

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் புது ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்றைக் கொடுத்திருந்தார். கிளப்புகளுக்கிடையே பெரிய சுடும் போட்டி வந்தது. அதற்காக ட்ரிகரில் ஃபேக்டரி வேலை, அவர் கைக்கு அளவெடுத்து மரப்பிடி, இரண்டும் கேட்டார். அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. சிவகாமி அதை ஒரு குழந்தையைப் போல வைத்துச் செய்தாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அவள் வேலை முடிந்ததும் ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, வாழை இலை போட்டு, அரம், சுத்தியல், எண்ணெய்க் கல் எல்லாவற்றையும் அடுக்கினோம். கடைத்துரை செருப்பைக் கழற்றிவிட்டுத் திரை ஓரமாக வந்து நின்றார். ஃபோர்மேன் அந்த பிஸ்டலையும் இலையில் நடுநாயகமாக வைத்தார்.

"பட்டறையின்ர பேர் இதிலதான் இருக்குது" என்று சொல்லி, சந்தனத்தைக் குழைத்து ஹாமர் மேலே தாராளமாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். என் மர மேசைக்கும் ஒரு பொட்டு வைத்தார், கொஞ்சம் சின்னதாக.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிப் பூஜை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்ததும், சிவகாமி எண்ணெய்த் துணியால் பொட்டைத் துடைத்து பிஸ்டலை என் மேசையில் வைத்தாள்.

"பாத்து மாட்டுங்கக்கா. மத்தியானம் தொர வராரு."

பிடியை மாட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடி இழுத்தேன்.

உரசியது. கொஞ்சம்தான். சோற்றில் ஒரு மணல் கடிபட்டால் எப்படி இருக்கும், அப்படி. மறுபடி இழுத்தேன், இல்லை. மறுபடி இழுத்தேன், இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வந்தது பயம் இல்லை. சந்தோஷம்.  பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு ஃபோர்மேனிடம் போனேன்.

"ஐயா, இதுல என்னமோ ஒரசுது."

"ஐயா, கோர்ட்டு" என்றாள் சிவகாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் இழுத்தார். சுத்தமாக ஒடிந்தது. "அஞ்சலை, நல்ல நாளும் பெருநாளுமா உந்தக் கதையை விடும். உமக்கு மரம் தெரியும். மரத்தைப் பாரும்."

"இல்லைங்க ஐயா, இன்னொரு தரம்..."

"விடும் எண்டு சொல்லுறன்."

திரைக்கு அந்தப் பக்கம்

மேனேஜர் துரை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஃபோர்மேன் பிஸ்டலை வெல்வெட் துணியில் வைத்துத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். நானும் சிவகாமியும் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். துரை பிடியைப் பிடித்தார், சிரித்தார். இழுத்தார், அதற்கும் சிரித்தார்.

சிவகாமி என் காதில், "கேட்டுச்சாக்கா ஒரசுறது?" என்றாள்.

அவர் பிஸ்டலைப் பெட்டியில் வைக்கப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மணல் சியருக்கும் வெட்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றால், ஹாமர் ஒழுங்காக மாட்டாது. போட்டியில் குண்டு போட்டு, பிஸ்டலின் மேலே நகர்கிற ஸ்லைடை இழுத்து விட்டதும் ஹாமர் தானாக விழலாம். பக்கத்தில் யார் நிற்பார்கள்? அவள் மேல் இருந்த எரிச்சலா, உண்மையாகவே வந்த பயமா தெரியவில்லை, திரையைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போய் நின்றேன். அதற்கு முன் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"நந்தி, துவான்!" என்றேன். துரைமார்களிடம் மலாயில் பேசவேண்டும் என்று நினைப்பு. பொறுங்கள் என்று சொன்னதோடு என் மலாய் தீர்ந்துபோயிற்று.

"அஞ்சலை! உள்ள போம்!" என்றார் ஃபோர்மேன்.

தோட்டத்துத் துரை என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். தோட்டத் தமிழ், கங்காணி பேசுவது போல.

"என்னாம்மா? நீ யாரு?"

"மரத்துக்கு எண்ண போடுறவங்க தொர. அத எடுத்துட்டுப் போவாதீங்க. உள்ள ஒரசுது. சுத்தி தானா விழுந்துரும்."

அவர் பிஸ்டலைத் திரும்ப எடுத்து, குண்டு இல்லை என்று பார்த்து, ஸ்லைடை இழுத்து விட்டார். ஹாமர் நின்றது. மறுபடி இழுத்துவிட்டார், நின்றது. திரைக்குப் பின்னால் சிவகாமி மூக்கால் சிரிப்பது எனக்குக் கேட்டது. என் உள்ளங்கையிலிருந்து வேர்வை சொட்டியது.

அவர் மறுபடி இழுத்துவிட்டார். ஸ்லைடு முன்னே போன வேகத்தோடு ஹாமரும் கூடவே விழுந்தது. டக்.

துரை பிஸ்டலை மெதுவாக மேசை மேல் வைத்தார், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல.

"குண்டு இருந்தா?" என்று கேட்டார். 

கடைத்துரையின் முகம் சிவந்துபோயிற்று. ஃபோர்மேனிடம் இங்கிலீஷில் சத்தம் போட்டார். ஃபோர்மேன் தலையைக் குனிந்தபடி எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இனிமேல் ட்ரிகர் வேலை இஞ்ச இல்லையாம். ஃபேக்டரிக்கே அனுப்புறதாம். பெண்டுகளை வைச்சது பிழையாம். ரெண்டு பேரையும் வேலையை விட்டு நிக்கச் சொல்லுறார்."

ரெண்டு பேரையும். இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அவள் விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் விழுகிற குழியில் நானும் நிற்கிறேன் என்று பார்க்கவில்லை. வீட்டில் அப்பா நீட்டிய காலோடு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது.

மஞ்சள் களிம்பு

தோட்டத்துத் துரைதான், "முதல்ல தொற, என்னா இருக்கு பாக்கலாம்" என்றார். ஃபோர்மேன் அங்கேயே பிரித்தார். உள்ளே சியரைச் சுற்றி மஞ்சளாக ஒரு களிம்பு, அதில் சிவப்புத் தூள். கடைத்துரை தொட்டுப் பார்த்துவிட்டு, செங்கல் தூளா என்று கேட்டார். எல்லாரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். நான் குனிந்து முகர்ந்தேன்.

"சந்தனம்ங்க" என்றேன்.

பொட்டு ஒரு நாள் முழுக்கக் காய்ந்திருக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்தபோது ஹாமர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. வைத்தவர் ஃபோர்மேன், துடைத்தவள் சிவகாமி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

தோட்டத்துத் துரைக்கு விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆயுத பூசை! என் தோட்டத்துல டிரைவர் காருக்குப் பொட்டு வச்சி, கண்ணாடில தேங்கா ஒடச்சான். இப்ப என் பிஸ்டலும் சாமி கும்பிட்டுருச்சி."

கடைத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாடிக்கைக்காரர் சிரிக்கும்போது அவர் கோபப்பட முடியாதே. தோட்டத்துத் துரை தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் சாப்புட்டு வரேன். அதுக்குள்ள இவங்க சரி பண்ணட்டும். பண்ணிட்டா வேலைல இருக்கட்டும். பண்ணலேன்னா நீ சொன்ன மாதிரியே செய்யி" என்று அவரிடம் தமிழிலும் இங்கிலீஷிலும் கலந்து சொல்லிவிட்டுப் போனார்.

வெண்டைக்காய்

கழுவிப் பார்த்தால் வெட்டின் முகத்தில் குங்குமத் தூள் கீறிய கோடு. மறுபடி கல்லில் போடவேண்டும். சிவகாமி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கல்லை எடுத்தாள். தேய்க்காமலே திரும்ப வைத்தாள். அந்தக் காய்ந்த கை பின்வாங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்னால முடியலக்கா" என்றாள் மெதுவாக. "எங்க ஒரசுச்சின்னு எனக்குத் தெரியவே இல்ல. இழுத்துப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சி."

இத்தனை நாள் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது ருசிக்கவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இரும்பு மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டேன், வழக்கம் போல.

"நீ தேயி. பூட்டி எங்கிட்டக் குடு. நான் சொல்றேன்."

தேய்த்தாள், கழுவினாள், பூட்டினாள், கொடுத்தாள். கண்ணை மூடி இழுத்தேன்.

"இன்னும் இருக்கு."

"எங்க?"

"ஆரம்பத்துல இல்ல. கடசி மூச்சுல."

மறுபடி பிரித்தாள். தேய்க்கும்போது அவள் மூச்சை நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். கொடுத்தாள்.

"இப்ப?"

"வளையுது. ஒடியல."

"வளையறதுன்னா என்னாக்கா? இரும்பு எப்படி வளையும்?"

"முத்தின வெண்டக்கா ஒடிச்சிருக்கியா?"

"அட, ஆமாலா!" என்றாள். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. ஃபோர்மேன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. "முத்தலா, பிஞ்சா?" என்று அவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஒரு முறை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, டக்.

"பிஞ்சு" என்றேன்.

எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள், தாங்கியது. ஃபோர்மேன் ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டார். கை ஓயும்வரை விட்டார். ஹாமர் நின்றது. துரை சாப்பிட்டு வந்து, இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்டியில் வைக்கும்போது கேட்டார்.

"யாரு செஞ்சது?"

"சிவகாமி" என்றார் ஃபோர்மேன். வேண்டுமென்றே சொல்லவில்லை. ட்ரிகர் என்றால் அவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். சிவகாமி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். சொல்ல வாயைத் திறந்தாள் என்றுதான் நினைக்கிறேன், அதற்குள் துரை போய்விட்டார்.

பெயர்

அவர் போட்டியில் முதலாவதாக வரவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தார் என்று சொன்னார்கள். ஆனால் கிளப்பில் எல்லாரிடமும் பிஸ்டலைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வருகிற துரைமார்கள் எல்லாம், "சிவகாமி ட்ரிகர் வேணும்" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கோலாலம்பூர் கிளப்புகளிலிருந்து வந்தார்கள், டெங்கில் தோட்டத்திலிருந்து வந்தார்கள். அவர்கள் வாயில் அது 'சிவ்காமி' என்று வந்தது. அப்படிச் சொன்னால்கூட என்னுடைய பெயர் இல்லை அது.

வேலை மட்டும் இரண்டு பேருடையது. அவள் தேய்ப்பாள், நான் இழுத்துச் சொல்லுவேன். என் பெட்டி அவள் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிஞ்சு என்று நான் சொல்லாமல் ஒரு பிஸ்டலும் திரையைத் தாண்டவில்லை. ஆனால் அஞ்சலை ட்ரிகர் என்று யாரும் கேட்டு வந்ததில்லை. ஒரு தரம் ஃபோர்மேனிடம், "ஐயா, பேரு ரெண்டா வச்சா என்னங்க?" என்று கேட்டேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்துக் கேட்டது அது.

"ஏன் பிள்ளை, துரைமாருக்கு ஒரு பேரைச் சொல்லவே நாக்குச் சுழலுது" என்றார்.

என்னைப் பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு கேட்க மறந்துவிட்டேன்.

ஸ்டூல்

சிவகாமிக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்தார்கள், துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. வேலையை விட்டுப் போகிற நாளில் எண்ணெய்க் கல்லைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருங்கக்கா. உங்க கண்ணு என் முதுகுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கும். இனிமே கிள்ளான்ல நிம்மதியா சோறாக்குவேன்."

"உப்புக் கூடினாக்கூட அங்க சொல்ல ஆளு இருக்காது" என்றேன்.

"அதான்க்கா பயமா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் ஃபோர்மேன் ஜன்னலோர ஸ்டூலைக் காட்டி, "இரும்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அவள் உயரத்துக்குச் செய்த ஸ்டூல் அது. என் கால் தரையில் எட்டவில்லை. கல்லை எடுத்தேன், சியரைத் தேய்த்தேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், என் கை அதைச் செய்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்த அரிசி முனையில் செம்மண் நிறம்.

காய்ந்த கைக்காரிகள் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். நல்ல பெண்கள்தான். நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்படவில்லை, அதனால் யார் வேலையும் எனக்குக் கண்ணில் நிற்கவில்லை. சிவகாமி ட்ரிகர் என்று கேட்டு வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் மர மேசைக்குத் திரும்பிப்போனேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே துரை கடையை மூடிவிட்டார்.

ஃபேக்டரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லி முடிக்கச் சொன்னார்கள். எனக்கு யாரும் ட்ரிகர் வேலை சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவும் சிவகாமியைப் பார்த்து வயிறெரிந்ததில் தெரிந்துகொண்டது. பக்கத்து மேசையில் உங்களைவிட நன்றாகச் செய்கிற ஒருத்தி இருந்தால், பொறாமைப்படுங்கள், தப்பில்லை. கண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவள் போய்விட்டால் உங்கள் வேலையில் பாதி அவளோடு போய்விடும்.

துப்பாக்கிச் சாமான்களின் பெயர்களை நான் மாற்றி எழுதியிருக்கலாம். சியர் என்று எழுதியது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். சிவகாமி இன்னும் கிள்ளானில் இருந்தால் அவளிடமே ஒருமுறை படித்துக் காட்டிக் கேளுங்கள். அவளுக்கு ஞாபகசக்தி என்னைவிட அதிகம், அதுவும் அவளுக்குத்தான். அவள் சொல்கிறபடி எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். சந்தனத்தை முகர்ந்து சொன்னது நான் என்பதை மட்டும் மாற்றவேண்டாம்.